மலை மேல ஒரு துணி, வண்ணாரப்பேட்டையில ஒரு வெள்ளாவி

இன்னிக்கு எபிசோட் ஒரு பொய்யில ஆரம்பிக்குது. என்னோட பொய்தான்.

காலேஜ் சேர்ந்த புதுசுல யாராவது 'நீ எந்த ஏரியா?'ன்னு கேட்டா, 'ராயபுரம் பக்கம்'னு சொல்லுவேன். ராயபுரம்னா பரவாயில்ல. 1856ல் தென்னிந்தியாவோட முதல் பயணிகள் ரயில் கிளம்பின ஸ்டேஷன் அங்கதான் இருக்கு. கடல் இருக்கு. கானா இருக்கு. ஆனா எங்க வீடு பழைய வண்ணாரப்பேட்டை. அந்தப் பேரைச் சொன்னா அடுத்த கேள்வி வாய்ல வராது, கண்ணுல வரும். எங்க தாத்தா வெளுப்புத் தொழில் செஞ்சவர். ஆயா வெள்ளாவி வெச்சவங்க. அதனால அந்தப் பார்வை எனக்கு நல்லாவே தெரியும்.

இந்தப் பொய்யை நான் விட்டது சென்னையில இல்லங்க. இந்தோனேசியாவுல, சுலவேசித் தீவுல, நெல் வயல் படி படியா இறங்குற ஒரு மலை ஊர்ல.

கதை இதுதான். ரெண்டு வருஷம் முன்னாடி நானும் என் ஆபீஸ் ஃப்ரெண்டும் லீவு போட்டுட்டு தொராஜா போனோம். மக்காசர்ங்கிற துறைமுக நகரத்துல இறங்கி, அங்கேருந்து ராத்திரி பஸ். முந்நூறு கிலோமீட்டருக்கு மேல. காலையில ராண்டெபாவ் டவுன்ல இறக்கி விட்டாங்க. ஏலகிரி மாதிரி இதமான குளிர். டவுனை விட்டு மேல ஏறினா, மலைச் சரிவு முழுக்க வயல். ஒவ்வொரு வரப்பும் ஒரு படி. நடுநடுவுல தொங்கோனான்னு சொல்ற வீடுகள். கூரை ரெண்டு முனையிலயும் மேல எழும்பி நிக்கும், படகு மாதிரி. வீட்டுக்கு எதிர்ல வரிசையா நெல்லுக் களஞ்சியங்கள். அதுக்கும் அதே மாதிரி கூரை. எருமை மேய்ஞ்சிட்டு இருந்துச்சு. இதுவரைக்கும் எல்லாம் ரீல்ஸ்ல நீங்க பார்த்ததுதான்.

அப்புறம் சாடான் பக்கத்துல நெசவு கிராமங்கள். களஞ்சியத்துக்குக் கீழ நிழல்ல பெண்கள் உக்காந்து, தறியோட ஒரு முனையை இடுப்புல கட்டிக்கிட்டு நெய்றாங்க. நம்ம ஊர் குழித்தறி இல்ல இது. உடம்பே தறியோட ஒரு பாகம். முன்னால சாஞ்சா நூல் தளரும், பின்னால சாஞ்சா இறுகும். நான் ஒரு சால்வை வாங்கினேன். பேரம் பேசினதுக்கு இன்னிக்கும் வெட்கமா இருக்கு.

ஆனா என்னைப் புரட்டிப் போட்டது அவங்க நெய்த துணி இல்ல. அவங்க நெய்யாத துணி.

நாங்க தங்கின வீட்டு அம்மாவோட சொந்தக்காரங்க வீட்ல ஒரு விழா. பழைய தொங்கோனானைப் பழுது பார்த்து முடிச்சிருந்தாங்க, அதுக்கான கொண்டாட்டம். வீட்டு முன்பக்கம் துணிகளைத் தொங்க விட்டிருந்தாங்க. அதுல ஒண்ணு ரொம்பப் பழசு. செம்மண் நிறத்துக்கு மங்கின சிவப்பு, ஓரத்துல வரிசையா முக்கோணம். எனக்கு அந்த முக்கோணம் தெரியும். உங்களுக்கும் தெரியும். டெம்பிள் பார்டர். உங்க அம்மா பீரோவைத் திறந்தா, பட்டுப்புடவை கரையில கோபுரம் கோபுரமா நிக்குமே, அது.

'இது என்ன துணி?'ன்னு கேட்டேன். 'மாஆ'ன்னாங்க. குடும்பத்தோட புனிதத் துணி. கூடையில பத்திரமா வெச்சிருந்து, சடங்குக்கு மட்டும் வெளிய எடுக்குறது. 'யார் நெய்தது?'ன்னு கேட்டேன். அந்த அம்மா சிரிச்சிட்டு மேல வானத்தைக் காட்டினாங்க. முன்னோர்கள் கொண்டு வந்தது, ஆரம்பத்துல தெய்வங்கள் கிட்டேருந்து வந்ததுன்னு.

நான் வாயைத் திறந்து ஏதோ சொல்ல வந்தேன். சொல்லல. என்ன சொல்ல வந்தேன்னுதான் இந்த எபிசோட்.

தொராஜா மக்கள் வெச்சிருக்கிற மாஆ துணிகள்ல சிலது உள்ளூர்லயே சாயம் போட்டது. ஆனா பெரிய மதிப்புள்ள பழைய துணிகள் நிறைய இந்தியாவிலேருந்து போனது. ரொம்பப் பழசு குஜராத் துணிகள். லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் மியூசியத்துல அந்த மாதிரி சுலவேசியிலேருந்து வந்த குஜராத் துணிகள் இருக்கு. கார்பன் டேட்டிங் பண்ணிப் பார்த்தா 14ம் நூற்றாண்டு! பருத்தித் துணி அவ்ளோ காலம் நிக்கிறதே அதிசயம். நம்ம ஊர் ஈரத்துலயும் கரையான்லயும் இதெல்லாம் எப்பவோ மண்ணாப் போச்சு. மலை மேல, கூடைக்குள்ள, புகையேறின வீட்டுக்குள்ள பிழைச்சிருக்கு.

17, 18ம் நூற்றாண்டுக்கு வந்தா, கையால வரைஞ்ச சிவப்புத் துணிகள்ல நிறைய நம்ம கரையிலேருந்து போனது. சோழமண்டலக் கரை, வெள்ளைக்காரன் வாய்ல கோரமண்டல். சில துணிகளோட பின்பக்கம் வி.ஓ.சி.ன்னு முத்திரை இருக்கும். அது நம்ம கப்பலோட்டிய வ.உ.சி. இல்ல, டச்சு கிழக்கிந்தியக் கம்பெனி. 1602ல் ஆரம்பிச்சாங்க. 1613ல் நம்ம பழவேற்காட்டுல கெல்ட்ரியா கோட்டை எழும்பிடுச்சு. எண்ணூர்லேருந்து வடக்கே, காட்டுப்பள்ளி தாண்டிப் போனா வர்ற அதே பழவேற்காடு. இப்ப நாம நண்டு வாங்கவும் பறவை பார்க்கவும் போறோம். அப்ப அது டச்சுக்காரங்களோட கோரமண்டல் தலைமையிடம். இன்னிக்கும் மலாய் மொழியில கட்டம் போட்ட கைலிக்கு 'கைன் பெலிகாட்'னு பேரு. பழவேற்காடு ஐரோப்பியர் வாய்ல புலிகாட் ஆகி, மலாய்க்காரங்க இடுப்புல பெலிகாட் ஆயிடுச்சு.

எதுக்கு டச்சுக்காரன் துணி வாங்க இங்க வந்தான்? அவனுக்குத் தேவை மிளகு, ஜாதிக்காய், கிராம்பு. அதெல்லாம் இந்தோனேசியத் தீவுகள்ல. ஆனா ஐரோப்பாவிலேருந்து கம்பளித் துணியைக் கொண்டு போனா, பூமத்திய ரேகையில இருக்கிறவன் எதுக்கு வாங்குவான்? அவங்க கேட்டது இந்தியப் பருத்தி. அதுவும் எந்தத் தீவுக்கு எந்த நிறம், எந்தக் கரை, எந்த நீளம்னு கறாரா கேட்டாங்க. முக்கோணக் கரை அந்தச் சந்தைக்குன்னே வரைஞ்சு அனுப்பினது. அதனால இங்க துணி வாங்கி, அங்க கொடுத்து, மசாலா வாங்கி, ஐரோப்பாவுக்கு. அந்தச் சுழற்சியில அச்சாணி நம்ம துணி.

இங்கிலீஷ்காரங்களும் அதே கணக்குலதான் வந்தாங்க. 1639ல் பிரான்சிஸ் டே இந்த மணல் திட்டைத் தேர்ந்தெடுத்ததுக்கு ஸ்கூல் புக்ல ஆயிரம் காரணம் படிச்சிருப்பீங்க. துறைமுகமே இல்லாத இடம். அலை புரட்டி எடுக்கும். கப்பல் தூரத்துல நிக்கும், மசூலாப் படகுல சரக்கை ஏத்தி இறக்கணும். புத்தியுள்ளவன் இங்க கோட்டை கட்டுவானா? ஆனா இந்தப் பக்கத்துல துணி நல்லா இருக்கு, மத்த இடத்தை விட விலை குறைவுன்னு கம்பெனிக்கு எழுதினாங்க. மெட்ராஸ் பிறந்த காரணத்துல அது பெரிய பங்கு.

சரி, இப்ப காலடிப்பேட்டைக்கு வாங்க.

2021 பிப்ரவரியில வண்ணாரப்பேட்டையிலேருந்து விம்கோ நகர் வரைக்கும் மெட்ரோ நீட்டினப்போ, டோல்கேட்டுக்கு அடுத்த ஸ்டேஷனுக்குப் பேரு காலடிப்பேட்டை. சின்ன வயசுல நான் நினைச்சது, சாமியோட காலடி பட்ட இடம்னு. திருவொற்றியூர் பக்கத்துல இருக்கு, பட்டினத்தார் சமாதி கிட்ட இருக்கு, பேர்ல காலடி இருக்கு. வேற எப்படி யோசிக்கிறது? உண்மையில அது காலெட் பேட்டை. ஜோசப் காலெட், 1717லேருந்து 1720 வரைக்கும் மெட்ராஸ் கவர்னர். நம்ம நாக்குல உருண்டு உருண்டு காலெட் காலடி ஆயிட்டார். பழிக்குப் பழி, அவங்க தூத்துக்குடியை டூட்டிகோரின் ஆக்கலையா?

திருவொற்றியூர், கத்திவாக்கம், சாத்தங்காடு, வியாசர்பாடி, நுங்கம்பாக்கம் ஆகிய அஞ்சு கிராமங்கள் 1708ல் கம்பெனிக்குக் கிடைச்சு, நடுவுல கை விட்டுப் போய், காலெட் காலத்துல 1717ல் திரும்ப வந்தது. வந்த உடனே அவர் செஞ்ச வேலை, திருவொற்றியூர் பக்கத்துல நெசவாளர்களுக்கும் துணி வரைபவர்களுக்கும் ஒரு ஊர் அமைச்சது. ஆரம்பத்துல சுமார் நூறு வீடு, ஐநூறு பேருக்குள்ள. கூடவே ஒரு பெருமாள் கோவில், கல்யாண வரதராஜர். அதுக்கு ஒரு அழகான கதை உண்டு. காலெட்டோட உதவியாளர் வீரராகவன்னு ஒருத்தர், தினமும் காஞ்சிபுரம் வரதராஜரைப் பார்க்காம வேலைக்கு வர மாட்டாராம். கவர்னர் சோதிச்சுப் பார்த்து, பக்தியில அசந்து போய், 'இங்கயே ஒரு வரதராஜரைக் கட்டித் தர்றேன்'னாராம். கேட்க நல்லா இருக்கு. ஆனா நெசவாளர்களை ஒரு இடத்துல தங்க வைக்கணும்னா கோவில் வேணும்னு கம்பெனிக்குத் தெரியும். 1734ல் சிந்தாதிரிப்பேட்டையை நெசவாளர் ஊரா அமைச்சப்பவும் கோவில்கள் கூடவே வந்தது. தறி வேணும்னா சாமி வேணும். பக்தியும் உண்மை, கணக்கும் உண்மைன்னு நான் எடுத்துக்கிறேன்.

காலெட் பத்தி இன்னொரு விஷயம். மெட்ராஸ் வர்றதுக்கு முன்னாடி அவர் எங்க இருந்தார் தெரியுமா? சுமத்ராவுல, பெங்கூலன்ல. 1712லேருந்து 1716 வரைக்கும் அங்க கம்பெனியோட துணை கவர்னர். வேலை, மிளகு சேகரிக்கிறது. அங்கயும் மிளகுக்குப் பக்கத்துல நம்ம துணிதான் நின்னுச்சு. துணி மூட்டை வரலன்னா மிளகு மூட்டை வராதுங்கிறதை, வாங்குறவன் பக்கம் நாலு வருஷம் உக்காந்து பார்த்த ஆள், விக்கிறவன் பக்கம் கவர்னரா வந்த உடனே நெசவாளர் ஊர் கட்டுறார். எனக்கு இதுல ஆச்சரியமே இல்ல.

இதுவரைக்கும் நெசவாளர் கதை, வரைபவர் கதை, கவர்னர் கதை. மியூசியம் போர்டுலயும் இதான் எழுதியிருக்கும். 'பருத்தி, கையால் வரைந்தது, சாயமிட்டது.' நான் பல நாள் அந்த போர்டைப் படிச்சுட்டு திருப்தியா இருந்தேன். ஒரு நாள் ஆயா கிட்ட என் ஃபோன்ல அந்த மலைத் துணி போட்டோவைக் காட்டினேன். கண்ணாடி போட்டுக்கிட்டு, ரெண்டு விரலால பெருசு பண்ணிப் பார்த்தாங்க. அவங்க முதல்ல கேட்ட கேள்வி, 'இதை எவ்ளோ வாட்டி வெளுத்திருப்பாங்க கண்ணு?'

நான் யோசிச்சதே இல்ல அதை. நூல் வேலை, தூரிகை வேலை, சாய வேலை எல்லாம் யோசிச்சேன். வெளுப்பை யோசிக்கல. எங்க வீட்டுத் தொழிலை மட்டும்.

அப்புறம் தேடிப் படிச்சேன். நல்லவேளையா ரெண்டு பிரெஞ்சுக்காரங்க இதை விலாவாரியா எழுதி வெச்சிருக்காங்க. 1734 வாக்குல பாண்டிச்சேரியில ப்யூலியூன்னு ஒரு கடற்படை அதிகாரி. சாயத் துணி எப்படிச் செய்றாங்கன்னு கூடவே நின்னு பார்த்து, ஒவ்வொரு கட்டம் முடிஞ்ச உடனே துணியில ஒரு துண்டை வெட்டி நோட்டுல ஒட்டிக்கிட்டார். பக்கா இண்டஸ்ட்ரியல் ஸ்பை. அந்தக் கையெழுத்துப் பிரதி பாரிஸ்ல இருக்கு. 1742ல் கூர்தோன்னு ஒரு ஏசு சபைப் பாதிரியார், மதம் மாறின சாயத் தொழிலாளிகள் கிட்ட கேட்டுக் கேட்டு பாரிஸுக்குக் கடிதமா எழுதினார். நம்ம கைப்பக்குவம் ஐரோப்பாவுக்குப் போன வழிகள்ல அது ஒண்ணு.

அவங்க சொல்ற முறையை நான் ஆயாவோட வார்த்தையில சொல்றேன், ஏன்னா அவங்ககிட்ட படிச்சுக் காட்டினப்போ பாதி வரிக்கு அவங்களே பேர் சொல்லிட்டாங்க.

தறியிலேருந்து இறங்கின துணி வெள்ளையா இருக்காது. பழுப்பு, கஞ்சி ஏறின விறைப்பு. இந்த மாதிரித் துணியில சாயம் பிடிக்காது. அதனால முதல் வேலை வெளுப்பு. சாணம் கலந்த தண்ணியில ஊற வைக்கணும், உவர்மண் போடணும், கல்லுல அடிக்கணும், வெயில்ல விரிச்சு, காயக் காயத் தண்ணி தெளிச்சுக்கிட்டே இருக்கணும். உவர்மண்ணுல இருக்கிற காரம் எண்ணெய்ப் பசையை எடுக்கும். வெயிலும் ஈரமும் சேர்ந்து பழுப்பை எடுக்கும். வெள்ளாவின்னா, இந்த உவர்மண் ஏறின துணியை அடுக்கி, கீழ தண்ணி கொதிக்க வெச்சு, ராத்திரி பூரா ஆவியில வேக வைக்கிறது. இட்லிப் பானை மாதிரின்னு நினைச்சுக்கோங்க. சினிமாப் பாட்டுல வர்ற மாதிரி கிண்டலா மட்டும்தான் நம்ம தலைமுறைக்கு அந்த வார்த்தை தெரியும்.

வெளுத்த துணியைக் கடுக்காயும் எருமைப் பாலும் கலந்த தண்ணியில முக்கி எடுப்பாங்க. பால்ல இருக்கிற கொழுப்பு, வரையும்போது மை பரவாம பார்த்துக்கும். கடுக்காய், இரும்புத் தண்ணியோட சேர்ந்தா கறுப்பு. அப்புறம் வரைபவர் வருவார். துளை போட்ட காகிதத்துல கரித்தூள் தட்டி வடிவத்தை எடுத்துட்டு, கறுப்பு வர வேண்டிய இடத்துல இரும்புத் தண்ணி, சிவப்பு வர வேண்டிய இடத்துல படிகாரத் தண்ணி. பாருங்க, படிகாரத்துக்கு நிறமே கிடையாது. வரைபவர் வரைஞ்சது கண்ணுக்கே சரியாத் தெரியாது. சாயவேர் போட்ட அண்டாவுல துணி கொதிக்கும்போதுதான் படிகாரம் தொட்ட இடத்துல சிவப்பு பிடிக்கும். சாயவேர், இம்பூரல்னும் சொல்லுவாங்க. கடலோர மணல்ல வளர்ற சின்னச் செடி. நம்ம கரையோட சிவப்பு அதுதான்.

இப்பதான் முக்கியமான இடம். அண்டாவிலேருந்து எடுத்தா துணி முழுக்கச் சிவப்புக் கறை. வெள்ளையா இருக்க வேண்டிய இடமும் அழுக்கு ரோஸ். அந்தக் கறையை மட்டும் எடுக்கணும், வரைஞ்ச சிவப்பு போகக் கூடாது. திரும்ப வெளுப்பு. ஆட்டுப் புழுக்கை கரைச்ச தண்ணி, வெயில், தெளிப்பு, பல நாள். அடுத்தது, நீலம் வேணும்னா மத்த இடத்தையெல்லாம் மெழுகால மூடி, அவுரித் தொட்டியில முக்கி, கொதிக்க வெச்சு மெழுகை எடுத்து, திரும்பத் துவைப்பு. இன்னொரு சிவப்பு வேணும்னா திரும்பப் படிகாரம், திரும்பச் சாயவேர், திரும்ப வெளுப்பு. கடைசியா அரிசிக் கஞ்சி போட்டு, தட்டி, மடிச்சு, மூட்டை.

ஆக, ஒரு துணியோட நாட்கள்ல பெரும்பகுதி அது வண்ணார் கையில, தண்ணியில, வெயில்ல இருந்த நாட்கள். வரைபவர் கோடு போட்டார். அந்தக் கோட்டுக்குப் பின்னால இருக்கிற வெள்ளை யாரோடது? மலை மேல அந்த வீட்டு முன்னால தொங்கின துணியில சிவப்பைச் சுத்தி ஒரு வெளிர் நிறம் இருந்துச்சே, அதுவும் ஒருத்தர் செஞ்சதுதான். எந்த மியூசியம் போர்டுலயும் 'வெளுத்தது'ன்னு நான் இதுவரைக்கும் பார்க்கல.

மெட்ராஸ்ல அதுக்கு ஒரே ஒரு போர்டு உண்டு. ஊர்ப் பேரு. கம்பெனித் துணியை வெளுத்தவங்க குடியிருந்ததால வண்ணாரப்பேட்டை. அதுக்கும் முன்னாடி இப்ப தங்கசாலைத் தெருன்னு சொல்ற மின்ட் ஸ்ட்ரீட்டுக்கே பழைய பேரு 'வாஷர்ஸ் ஸ்ட்ரீட்'. நாணயச் சாலை அங்க வந்த பிறகு பேரு மாறிடுச்சு. தங்கத்துக்கும் வெளுப்புக்கும் போட்டி வந்தா எந்தப் பேரு நிக்கும்னு சொல்லணுமா?

கம்பெனிக்கு இவங்க எவ்ளோ தேவைன்னு 1707ல் தெரிஞ்சுது. தாமஸ் பிட் கவர்னரா இருந்த காலம். வலங்கை, இடங்கைன்னு ரெண்டு சாதிக் கூட்டணிகளுக்குள்ள ஊர்வலம் எந்தத் தெருவுல போகலாம்னு தகராறு. கோபத்துல வலங்கைப் பிரிவைச் சேர்ந்தவங்க நிறைய பேர் ஊரை விட்டே கிளம்பி சாந்தோமுக்குப் போயிட்டாங்க. போனவங்கள்ல படகோட்டிகளும் வண்ணார்களும் உண்டு. படகு இல்லாம கப்பலுக்குச் சரக்கு போகாது. வெளுப்பு இல்லாம சரக்கே இல்ல. கோட்டைக்குள்ள உக்காந்திருந்த துரைமார் இறங்கி வந்து சமாதானம் பேச வேண்டியதாச்சு. அது சாதிச் சண்டை, அதைப் புரட்சின்னு நான் அலங்கரிக்க மாட்டேன். ஆனா வேலையை நிறுத்தினா ஊரே நிக்கும்னு நம்ம வடசென்னைக்கு ரொம்ப நாளாவே தெரியும். 1918ல் பின்னி மில் தொழிலாளர்களை வெச்சு மெட்ராஸ் லேபர் யூனியன் வர்றதுக்கு ரெண்டு நூற்றாண்டு முன்னாடி இது.

துணி எப்படி அந்த மலை வரைக்கும் ஏறுச்சு? அது அவ்ளோ இனிப்பான கதை இல்ல. மக்காசர் அப்ப எல்லாருக்கும் திறந்த துறைமுகம். இங்கிலீஷ்காரங்க 1613லயே அங்க கடை போட்டாங்க. டச்சுக்காரங்க 1660களோட கடைசியில படையெடுத்து அதைப் பிடிச்சாங்க. கரையிலேருந்து சமவெளி வியாபாரிகள் துணியை மேல கொண்டு போவாங்க. மேலேருந்து கீழ வந்த சரக்குல தங்கம் உண்டு, பின்னாடி காபி உண்டு, மனுஷங்களும் உண்டு. தொராஜா மலையிலேருந்து பிடிச்சு விக்கப்பட்ட அடிமைகள். நம்ம பக்கமும் அதே கதைதான். பஞ்சம் வந்தா, பழவேற்காட்டிலேருந்து டச்சுக் கப்பல்கள் துணியோட ஆட்களையும் பட்டாவியாவுக்கு ஏத்துச்சு. பட்டாவியாதான் இன்னிக்கு ஜகார்த்தா. அந்த மாஆ துணியைத் தெய்வம் தந்ததுன்னு அந்த அம்மா சொன்னப்போ நான் ஏன் வாயை மூடிக்கிட்டேன்னு இப்ப புரியுது. 'இல்லீங்க, இது எங்க ஊர் சரக்கு'ன்னு பெருமையா சொல்லலாம். அதுக்கு என்ன விலை கொடுத்தாங்கன்னு அவங்க திருப்பிக் கேட்டா?

இன்னொரு கூத்து. 19ம் நூற்றாண்டு கடைசியில டச்சுக்காரங்க ஹாலந்து ஃபேக்டரியில அச்சடிச்சு, தொராஜா சந்தைக்குன்னே 'சரித்தா'ங்கிற நீளத் துணியோட நகலை அனுப்பினாங்க. அதுவும் இப்ப சில குடும்பங்கள்ல புனிதத் துணிதான். டூப்ளிகேட்னு சிரிக்காதீங்க. மூணு நாலு தலைமுறை அதைப் பிரசவத்துக்கும் அறுவடைக்கும் சாவுக்கும் எடுத்திருக்காங்க.

போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை காலடிப்பேட்டை ஸ்டேஷன்ல இறங்கி நடந்தேன். வரதராஜர் கோவில் இருக்கு. நான் நடந்த தெருக்கள்ல ஒரு தறிச் சத்தமும் கேட்கல. மெயின் ரோடு போனா கன்டெய்னர் லாரி வரிசை, துறைமுகத்துக்கு. அந்தப் பெட்டிக்குள்ள என்ன இருக்குன்னு யாருக்குத் தெரியும், ஒருவேளை திருப்பூர் டி-ஷர்ட்டா இருக்கலாம். அங்கேருந்து பழைய வண்ணாரப்பேட்டை வந்தா, எம்.சி. ரோடு. தி.நகருக்கு முன்னாடியே நாங்க தீபாவளிக்குத் துணி எடுத்த ரோடு. இன்னிக்கும் எங்க ஏரியா துணியிலதான் பிழைக்குது, யாரும் அப்படிச் சொல்றது இல்ல, அவ்ளோதான்.

மலையிலேருந்து கிளம்பற அன்னிக்கு, எங்களுக்குக் காபி போட்டுக் கொடுத்துட்டு வீட்டு அம்மா கேட்டாங்க, 'இந்தியாவுல உன் ஊர் எது?' நான் சென்னைன்னேன். 'சென்னையில?' அவங்களுக்கு ராயபுரமும் தெரியாது, வண்ணாரப்பேட்டையும் தெரியாது. பொய் சொல்ல ஒரு அவசியமும் இல்ல. பேரைச் சொல்லி, என் ஃப்ரெண்டை விட்டு ஆங்கிலத்துலயும் கூகுள் டிரான்ஸ்லேட்லயும் அர்த்தம் சொல்ல வெச்சேன். துணி வெளுக்கிறவங்களோட ஊர். எங்க வீட்டு வேலை அது. அந்த அம்மா தலையை ஆட்டிட்டு, 'அப்போ உனக்குத் துணி தெரியும்'னாங்க. அவ்ளோதான் சொன்னாங்க.

இதை ஆயா கிட்ட சொன்னேன். அவங்களுக்கு அதுல பெரிசா ஆர்வம் இல்ல. திரும்ப அந்த போட்டோவைக் கேட்டாங்க. ரொம்ப நேரம் பார்த்துட்டு, 'சாயம் இன்னும் நிக்குது பாரேன். எத்தினி வருசம்னு சொன்ன?' முந்நூறு இருக்கலாம்னேன். 'எப்ப துவைப்பாங்களாம்?'

எனக்குத் தெரியல. அந்த வீட்டு அம்மாவுக்கு வாட்ஸ்அப் பண்ணிக் கேட்டேன். ராத்திரி வாய்ஸ் மெசேஜ் வந்துச்சு, முழுக்கச் சிரிப்பு. துவைக்கிறதா, அதை யாரு தண்ணியில போடுவா, கூடையிலேருந்து எடுப்போம், திரும்ப வெப்போம்னு.

ஆயா ஃபோனைத் திருப்பிக் கொடுத்தாங்க. 'முந்நூறு வருசம் அழுக்கோடவா சாமி கும்புடறாங்க? ஒரு தபா இங்க அனுப்பச் சொல்லு.'